சூப்பர்மேன் பறக்கட்டும்... கீழே நிற்கிற நம்ம பில்லை யார் கட்டுவாங்க?



போன மாதம் நம்ம சேனல்ல "30 வயதில் ஒரு கோடி" வீடியோ போட்டிருந்தோம். நல்லாவே ஓடியது. பாராட்டுகளுக்கு நடுவில் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. கோவையில் வேலை பார்க்கிற 27 வயது தம்பி. பிடித்தம் போக கைக்கு வருவது 42,000 ரூபாய்.

"அண்ணா, வீடியோ பார்த்தேன். நான் இன்னும் ரெண்டு லட்சம்கூட சேர்க்கல. வீட்ல பொண்ணு பார்த்து கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. இந்த நிலைமையில வேண்டாம்னு சொல்லிட்டேன். மொதல்ல ஒரு லெவலுக்கு வரணும்ல?"

அதைப் படித்ததும் எனக்கு ஒரு காமிக்ஸ் ஞாபகம் வந்தது. சிரிக்காதீங்க. ஃபைனான்ஸ் பிளாக்ல காமிக்ஸ் எதுக்குன்னு கேட்பீங்க. கடைசி வரை படிங்க, கணக்கு இருக்கு.

அண்ணாந்து பார்த்தே பாதி வாழ்க்கை போன ஆள்

1994-ல் 'மார்வெல்ஸ்' என்று நான்கு இதழ்களில் ஒரு தொடர் வந்தது. எழுதியவர் கர்ட் பியூசிக், வரைந்தவர் அலெக்ஸ் ராஸ். ஹியூமன் டார்ச், நேமோர், கேப்டன் அமெரிக்கா, எக்ஸ்-மென், ஸ்பைடர்மேன் எல்லாரும் வருவாங்க. ஆனா கதாநாயகன் அவங்க யாரும் இல்லை. ஃபில் ஷெல்டன் என்ற பத்திரிகை போட்டோகிராஃபர்தான் கதாநாயகன். சக்தி கிடையாது, மாஸ்க் கிடையாது. கேமராவும் வீட்டுச் செலவும்தான் உண்டு.

கதை 1939-ல் நியூயார்க்கில் தொடங்குது. உடம்பெல்லாம் தீப்பிடித்து எரியும் ஒருவன் வானத்தில் பறக்கிறான். கடலிலிருந்து இன்னொருவன் வருகிறான். இரண்டு பேரும் மோதினால் ஊரே அதிருது. கீழே நின்று பார்க்கிற ஃபில்லுக்கு முதலில் வருவது பயம். அடுத்து வருவது, 'இவங்க முன்னாடி நாம எல்லாம் யாரு?' என்ற கூச்சம். இப்படி ஒரு உலகத்தில் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவோம் என்று நினைத்து, டோரிஸுடன் நிச்சயமான கல்யாணத்தையே நிறுத்திவிடுகிறார்.

அந்தத் தம்பியோட மெசேஜ் படித்தப்போ எனக்கு ஏன் இந்தக் கதை ஞாபகம் வந்தது என்று இப்போ புரிந்திருக்கும்.

ஃபில் பின்னாடி மனசு மாறி டோரிஸைக் கல்யாணம் செய்கிறார், இரண்டு பெண் குழந்தைகள். ஆனா ஒரு மோதலில் சிதறி வந்த இடிபாடு பட்டு ஒரு கண் போயிடும். ஹீரோவுக்கு அது இன்னொரு நாள் சண்டை. ஃபில்லுக்கு ஆயுசுக்கும் ஒரு கண் இல்லை. வழக்கமான சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இந்தக் கணக்கு வராது. கட்டடம் இடிஞ்சா அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். கீழே நின்றவன் கண்ணால் கதை சொன்னால்தான் இடிபாடு எங்கே விழுந்தது என்று தெரியும்.

பண விஷயத்திலும் நாம படிக்கிறது, பார்க்கிறது எல்லாம் பறக்கிறவன் கதைதான். நாம வாழ்வது கீழே நிற்கிறவன் வாழ்க்கை.

ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறவங்க

இப்போ என் தப்பை ஒத்துக்கிறேன்.

அந்த ஒரு கோடி வீடியோவில் பேசிய நண்பர் பொய் சொல்லல. சம்பளத்தில் பாதியை முதலீடு செய்தேன் என்றார், உண்மைதான். ஆனா பேட்டியில் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஏழு வருஷமும் அப்பா அம்மாவோட சொந்த வீட்டில் இருந்தார், வாடகை இல்லை. இரண்டு, அவர் கம்பெனி கொடுத்த பங்குகளோட மதிப்பு நன்றாக ஏறியது. வீடியோ நீளமாப் போகுதுன்னு எடிட்டில் இரண்டையும் வெட்டினது நான்தான்.

வெட்டின பகுதியோட மதிப்பு என்ன தெரியுமா? மாதம் 18,000 வாடகை என்று வைத்துக்கொள்ளுங்க. ஏழு வருஷம் என்றால் 84 மாதம். 15,12,000 ரூபாய். அதுமேல கிடைத்த வளர்ச்சியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கி, வீட்டுக்கும் பணம் அனுப்புகிற ஒரு தம்பி, அந்த 15 லட்சத்தோட தன்னை ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டிருக்கார். அவருக்கு அது தெரியாது, ஏன்னா நான் காட்டல.

போட்டோகிராஃபர் ஃபில்லுக்குத் தெரியும், ஒரு படத்தில் எதை வைக்கிறோம், எதை வெட்டுகிறோம் என்பதுதான் எல்லாம். ட்ரேடிங்ல ஒரே நாளில் லட்சம் சம்பாதித்தவர் ஸ்க்ரீன்ஷாட் ஃபிரேமுக்குள்ளே இருக்கும். ஃபிரேமுக்கு வெளியே யார் நிற்கிறாங்க? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்களுக்குச் செலவோடு சேர்த்து சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

இவங்கதான் சூப்பர்ஹீரோ படத்தில் பின்னாடி ஓடுகிற கூட்டம். பெயர் கிடையாது, வசனம் கிடையாது. ஆனா எண்ணிக்கையில் இவங்கதான் ஊரே.

இடிந்த கட்டடத்துக்கு இன்வாய்ஸ் யார் போடுவாங்க?

'டேமேஜ் கன்ட்ரோல்' என்று இன்னொரு மார்வெல் தொடர் இருக்கு. ட்வெய்ன் மெக்டஃபி எழுத, எர்னி கோலோன் வரைந்தது. 1989-ல் தனித் தொடராக வந்தது. ஹீரோவும் வில்லனும் அடித்துக்கொண்டு நகரத்தை நாசம் செய்த பிறகு, வந்து சுத்தம் செய்து கட்டிக்கொடுக்கிற கம்பெனியோட கதை. என்ஜினீயர், மார்க்கெட்டிங் ஆள், கணக்குப் பிள்ளை என்று முழுக்க ஆபீஸ் கூட்டம். ஒரு இதழில் கம்பெனியோட கணக்காளர் ஆல்பர்ட் க்ளியரி, டாக்டர் டூமிடம் பழைய பாக்கியை வசூல் செய்யப் போகணும். உலகத்தையே நடுங்க வைக்கிற வில்லனிடம் 'சார், அந்த இன்வாய்ஸ்...' என்று நிற்கிற நிலைமையை நினைச்சுப் பாருங்க. கலெக்‌ஷன் டீமில் வேலை பார்த்தவங்களுக்கு நல்லா புரியும்.

சிரிப்புக் கதைதான். ஆனா கேட்கிற கேள்வி சீரியஸ்: சண்டை முடிந்ததும் செலவு யார் தலையில்?

சும்மா ஒரு விளையாட்டுக்கு நம்ம பாலிசியை எடுத்துப் பார்ப்போம். ஐஆர்டிஏஐ கொண்டுவந்து 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத் க்ருஹ ரக்‌ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டில், வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதினால் ஏற்படும் சேதத்துக்கு கவர் உண்டு. அப்போ ஹல்க் தூக்கி எறிந்த கார் உங்க சுவரில் விழுந்தா க்ளெய்ம் கேட்டுப் பார்க்கலாம்! ஆனா போரும் படையெடுப்பும் விலக்குப் பட்டியலில் இருக்கு. வேற்றுகிரகப் படை இறங்கிச்சுன்னா கம்பெனிக்காரர் அழகாக கையை விரிச்சிடுவார்.

நம்ம ஊருக்கு ஹல்க் வரல. 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் போன பலருக்கு அப்புறம்தான் தெரிந்தது, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பெரும்பாலும் அதைத் தராது, என்ஜின் ப்ரொடெக்ட் என்று தனி ஆட்-ஆன் வேணும் என்று. பாலிசியில் ஹீரோ என்னவெல்லாம் செய்வார் என்பது முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கும். கீழே நிற்கிற ஆள் விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்கணும்.

இதே டேமேஜ் கன்ட்ரோல்தான் 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்திலும் வரும். 2017-ல் வந்த படம், நிறைய பேர் பார்த்திருப்பீங்க. ஏட்ரியன் டூம்ஸ் இடிபாடு அகற்றும் ஒப்பந்தக்காரர். நகராட்சி கான்ட்ராக்ட் கிடைத்ததை நம்பி லாரி வாங்கி, ஆள் சேர்த்து, இருக்கிறதை எல்லாம் போட்டுடுவார். திடீர்னு அரசாங்கத்தோட டேமேஜ் கன்ட்ரோல் வந்து, 'இனி நாங்க பார்த்துக்கிறோம், கிளம்புங்க' என்று சொல்லும். அங்கேதான் அவர் வில்லன் ஆகத் தொடங்குகிறார். எனக்கு அந்தக் காட்சியில் தெரிந்தது இஎம்ஐதான். ஒரே ஒரு வருமானத்தை நம்பி உச்சபட்சக் கடன் வாங்கியவனுக்கு, ஒரு மீட்டிங், ஒரு மெயில் போதும். ஐடி துறையில் இருக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

இடிச்சா யாருக்கு லாபம்?

டேமேஜ் கன்ட்ரோல் கம்பெனியில் ஆரம்பத்தில் பங்கு வைத்திருந்தது யார் தெரியுமா? பாதி டோனி ஸ்டார்க், பாதி கிங்பின். ஹீரோவும் முதலீட்டாளர், வில்லனும் முதலீட்டாளர். யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு வேலை வரும்.

பின்னாடி 2006-ல் 'சிவில் வார்' கதை வந்தப்போ இதை இன்னும் ஒரு படி தள்ளினாங்க. நைட்ரோ என்ற வில்லன் வெடித்து ஸ்டாம்ஃபோர்ட் ஊரில் 600 பேருக்கு மேல் சாவாங்க. அதையொட்டி வந்த வுல்வரின் இதழ்களில் தெரியவரும், நைட்ரோவோட சக்தியை அதிகமாக்க மருந்து கொடுத்ததே டேமேஜ் கன்ட்ரோலை அப்போ நடத்திய வால்டர் டெக்லன்தான். சேதம் பெருசானா வியாபாரம் பெருசாகும்.

கற்பனைக் கதைதான், இருந்தாலும் இந்தக் கேள்வியை மனசுல வைங்க: 'நான் இதைச் செய்தால் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கும்?' எஃப் அண்ட் ஓ கோர்ஸ் விற்கிறவருக்கு நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் ஃபீஸ் வந்தாச்சு. புரோக்கருக்கு நீங்க அடிக்கடி வாங்கி விற்றால்தான் வருமானம். எண்டோமென்ட் பாலிசி தருகிறவருக்கு கமிஷன். எங்களையும் விடாதீங்க. டிமேட் அக்கவுன்ட் லிங்க் கொடுத்தா எங்களுக்கும் பணம் வரும், அதை டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கோம். வாங்க வேண்டாம்னு சொல்லல. யாருக்கு என்ன கிடைக்குதுன்னு தெரிஞ்சு வாங்குங்க.

வானம் இருண்ட அன்னைக்கு

'மார்வெல்ஸ்' மூன்றாம் இதழில் கலாக்டஸ் வருவான். கிரகங்களையே விழுங்குகிறவன். ஊர் முழுக்க 'இன்னிக்கோட உலகம் முடிஞ்சது' என்று ஓடுது. ஃபில் என்ன செய்கிறார்? வாழ்க்கையிலேயே பெரிய போட்டோ கிடைக்கிற நாள் அது. ஆனா அவர் மனசு முழுக்க வீட்டில்தான், டோரிஸிடமும் பிள்ளைகளிடமும்தான். உலகம் பிழைத்துக்கொள்கிறது. கொஞ்ச நாளிலேயே 'அதெல்லாம் ஏமாற்று வேலை' என்று அதே ஊர் பேசும், பத்திரிகையும் எழுதும்.

2020 மார்ச் 23 ஞாபகம் இருக்கா? சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல், அதாவது சுமார் 13 சதவீதம் விழுந்து, 26,000-க்குக் கீழே முடிந்தது. அன்னைக்கு நிறைய பேர் எஸ்ஐபியை நிறுத்தினாங்க, இருந்ததை விற்றாங்க. 2021 ஜனவரியில் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. 'அதெல்லாம் ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல, அப்போவே வாங்கியிருக்கணும்' என்று அதே ஆட்கள் சொன்னாங்க.

விற்றவங்க எல்லாம் முட்டாள்கள் கிடையாது. பல பேருக்கு அந்த மாதம் சம்பளம் வரல, வேற வழியில்லாம விற்றாங்க. ஆறு மாதச் செலவு தனியாக வங்கியில் இருந்தவர் விற்காமல் இருக்க முடிந்தது. தைரியம் என்று நாம நினைக்கிறதில் பாதி எமர்ஜென்ஸி ஃபண்ட்தான்.

சாதாரண ஆளும் தப்பு பண்ணுவான்

கீழே நிற்கிறவன் எப்பவும் பாவம் என்றும் இந்தக் கதைகள் சொல்றதில்லை. இரண்டாம் இதழில் மியூட்டன்டுகளைப் பார்த்து வெறி பிடித்த கூட்டத்தோடு சேர்ந்து ஃபில்லும் ஒரு செங்கல்லை எடுத்து வீசுவார். பிறகு வீட்டுக்கு வந்தா, துரத்தப்பட்ட ஒரு மியூட்டன்ட் சிறுமியை அவரோட மகள்களே ஒளித்து வைத்திருப்பாங்க. வீசின கைக்கு அப்போதான் வெட்கம் வரும். 'எல்லாரும் பண்றாங்க' என்பது செங்கல் வீசவும் வைக்கும், தெரியாத ஐபிஓவுக்கு அப்ளை பண்ணவும் வைக்கும்.

இதே கர்ட் பியூசிக் 'ஆஸ்ட்ரோ சிட்டி' என்ற தொடரையும் எழுதியிருக்கார், 1995-ல் தொடங்கியது. 2013-ல் வந்த ஒரு கதை நம்ம பிபிஓ நண்பர்கள் கட்டாயம் படிக்கணும். சூப்பர்ஹீரோக்களுக்கு உதவி கேட்டு வருகிற அழைப்புகளை எடுக்கிற கால் சென்டரில் வேலைக்குச் சேருகிற மரெல்லா என்ற பெண்ணோட கதை. ஒரு அழைப்பைக் குடும்பச் சண்டை என்று நினைத்து வழக்கமான வழியில் தள்ளிவிடுவாள். அது பெரிய விபரீதமாக முடியும். அவளும் நொறுங்கிப்போவாள். ஆனா அதோட ஒதுங்கிப் போக மாட்டாள், தன்னால் முடிந்ததைச் செய்து சரிக்கட்டப் பார்ப்பாள்.

கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டி மாட்டிக்கொண்டவங்க, நண்பனுக்கு ஜாமீன் போட்டு மாட்டினவங்க எனக்கு எழுதும்போது, முதல் வரியே 'நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்' என்றுதான் இருக்கும். சரி, பண்ணிட்டீங்க. அடுத்த மாதம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க. அங்கிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

அப்போ பெருசா ஆசைப்படவே கூடாதா?

இப்படி ஒரு கேள்வி வரும்னு தெரியும். ஆசைப்படுங்க. ஒரு கோடி வேணும்னு நினைக்கிறதில் தப்பே இல்லை. சாதிச்சவங்க கதை சிலருக்கு உண்மையிலேயே உந்துதல் தருது, அதையும் மறுக்கல. சம்பளத்தை ஏற்றிக்கொள்ள ஒரு புது வேலை கற்றுக்கொள்வது எந்த எஸ்ஐபியையும் விட பெரிய முதலீடு என்று நானே பல வீடியோவில் சொல்லியிருக்கேன்.

என் வாதம் ஒன்றுதான். ஹீரோ கதையைப் படித்து உங்களை அளக்காதீங்க. அவர் நின்ற தரை வேற, உங்க தரை வேற. வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, தங்கச்சி படிப்பு, அப்பாவோட மருந்து, இதெல்லாம் உங்க தரை. அதிலிருந்து எத்தனை அடி ஏறினீங்க என்பதுதான் கணக்கு.

அந்தத் தம்பிக்கு நான் பதில் எழுதும்போது மூன்று கேள்வி கேட்டேன். சரியாக எவ்வளவு சேர்த்திருக்கீங்க? கடன் எவ்வளவு? மாதச் செலவு எவ்வளவு? பதில் வந்தது: சேமிப்பு 1,70,000. கடன் இல்லை. வீட்டுக்கு அனுப்புவதையும் சேர்த்துச் செலவு 28,000.

28,000 பெருக்கல் 6. விடை 1,68,000.

அதாவது, 'இன்னும் எதுவும் சேர்க்கல' என்று வெட்கப்பட்ட தம்பி, ஆறு மாதச் செலவுக்கான எமர்ஜென்ஸி ஃபண்டை ஏற்கெனவே முடித்துவிட்டார். கடனும் இல்லை. மாதம் 14,000 மிச்சம் பிடிக்கிறார், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவர் சேர்த்ததற்கு ஒரு பெயர் இருக்கு, அதில் முதல் படி முடிஞ்சாச்சு என்று யாரும் அவரிடம் சொல்லல. நாங்களும் சொல்லல.

அடுத்து என்ன செய்யணும் என்பதும் பெரிய ரகசியம் இல்லை. அந்த 1,70,000-ஐத் தொடாதீங்க. ஆபீஸ் இன்சூரன்ஸை மட்டும் நம்பாமல், அப்பா அம்மாவுக்குத் தனியாக ஒரு ஹெல்த் பாலிசி பாருங்க, விலக்குப் பட்டியலைப் படிச்சிட்டு வாங்குங்க. உங்க சம்பளத்தை நம்பி ஆட்கள் இருப்பதால் ஒரு டேர்ம் பாலிசி எடுங்க. மிச்சத்தை ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபியாகப் போடுங்க. கல்யாண விஷயத்தில் நான் கருத்துச் சொல்ல மாட்டேன், அது உங்க விருப்பம், அந்தப் பொண்ணோட விருப்பம். பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லுங்க. ஆனா பணத்தைக் காரணமாகச் சொல்றதுக்கு முன்னாடி, இந்த நம்பரை அப்படியே அவங்ககிட்ட காட்டிப் பேசுங்க. ஒரு கோடி வீடியோவோட ஒப்பிட்டு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க.

'வீட்ல மறுபடி பேசிப் பார்க்கிறேன் அண்ணா' என்று எழுதினார். அதுக்கப்புறம் மெசேஜ் இல்லை.

எங்க பக்கமும் ஒரு மாற்றம். இனி சேனல்ல யார் பேட்டி வந்தாலும், முதல் இரண்டு நிமிடத்துக்குள்ளே நான்கு விஷயம் கேட்போம்: வாடகை கட்டினீங்களா, வீட்டுக்குப் பணம் அனுப்பினீங்களா, யாராவது உதவினாங்களா, எதில் அதிர்ஷ்டம் அடிச்சது. பதில் எவ்வளவு நீளமானாலும் எடிட்டில் வெட்ட மாட்டோம். வியூஸ் குறையலாம், குறையட்டும்.

'மார்வெல்ஸ்' கடைசி இதழில், ஸ்பைடர்மேனோட காதலி க்வென் ஸ்டேசி சாவதை ஃபில் கண்ணெதிரே பார்ப்பார். எவ்வளவு சக்தி இருந்தும் காப்பாற்ற முடியல. அதோட அவர் கேமராவைக் கீழே வைக்கிறார், ரிட்டையர் ஆகிறார். முடிவில் வீட்டு வாசலில் பேப்பர் போட வந்த ஒரு சாதாரணப் பையனோடும் மனைவியோடும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். இத்தனை வருஷம் வானத்தையே படம் எடுத்தவர், கடைசியில் தன் வாசலில் நிற்கிறார்.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் ஒரு பேப்பர் எடுங்க. சேமிப்பு, கடன், மாதச் செலவு, மூன்றே வரி எழுதுங்க. முதல் வரியை மூன்றாவது வரியால் வகுங்க. வருகிற எண் 2 ஆக இருந்தாலும் சரி, அதுதான் நீங்க நிற்கிற தரை. அடுத்த மாதம் அதை 2.2 ஆக்குவோம்.

அடுத்த வீடியோவில் சந்திப்போம்.